டியூப் மட்டத்துக்குத் தெரிந்தது, லெவல் கருவிக்குத் தெரியாது

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் டியூப் மட்டம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டியூபில் தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழ் நிற்காதபடி தட்டிவிட்டு, ஒரு முனையை ஒருவர் இந்தத் தூணிலும் மறுமுனையைச் சித்தாள் அந்தத் தூணிலும் வைத்துப் பிடிப்பார்கள். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு. முடிந்தது. இதே வேலையை முக்காலியில் நிற்கும் ஆட்டோ லெவலும் செய்கிறது. இரண்டில் எது பூமியின் வடிவம் தெரிந்த கருவி என்று கேட்டால், நான் டியூப் பக்கம்தான்.

காரணம் எளிது. தண்ணீர் எப்போதும் ஈர்ப்பு விசைக்குச் செங்குத்தாகவே நிற்கும். பூமி உருண்டை என்பதால் அந்தப் பரப்பும் வளைந்தே இருக்கும். டியூபைப் பத்து கிலோமீட்டருக்கு நீட்டினாலும், இரண்டு முனையிலும் தெரிவது ஒரே மட்டம். இது வெறும் கற்பனையும் இல்லை. டென்மார்க்கில் தீவுகளுக்கு இடையே மட்டத்தைக் கொண்டுபோக, நீரிணையின் அடியில் தண்ணீர் நிரப்பிய குழாயையே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

லெவல் கருவி அப்படி இல்லை. அதன் தொலைநோக்கி காட்டுவது கிடையான ஒரு நேர்கோடு. நிற்கும் இடத்தில் அந்தக் கோடு நீர்மட்டத்துக்கு இணையாகத்தான் இருக்கும். தூரம் போகப் போகத் தரை கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும். கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு இறங்கும்? தூரத்தைத் தூரத்தாலேயே பெருக்கி, பூமியின் விட்டத்தால் வகுத்தால் போதும். ஒரு கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மீட்டரை 1,000-ஆல் பெருக்கினால் பத்து லட்சம். பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர், விட்டம் 1,27,42,000 மீட்டர். வகுத்தால் 0.0785 மீட்டர், அதாவது ஏழே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்கு. 10 கிலோமீட்டரில் 7.85 மீட்டர், 100 கிலோமீட்டரில் 785 மீட்டர். இன்னொரு கணக்கும் உண்டு. 10 கிலோமீட்டர் நீள ஏரி ஒன்றின் இரு கரைகளிலும் தண்ணீரைத் தொட்டபடி ஒரு நேர்கோடு இழுக்க முடிந்தால், நடு ஏரியில் அந்தக் கோடு தண்ணீருக்குக் கீழே கிட்டத்தட்ட 2 மீட்டர் ஆழத்தில் போகும். ஆள் மூழ்கும் ஆழம்!

இதில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. தரையை ஒட்டிய காற்று அடர்த்தியானது, மேலே போகப் போக மெலிகிறது. அதனால் ஒளி நேராக வராமல் லேசாகக் கீழ்நோக்கி வளைந்து வருகிறது. ஒளிமுறிவு என்பது இதைத்தான். பூமி வளையும் அதே பக்கம்தான் ஒளியும் வளைகிறது என்பதால், வளைவின் பாதிப்பில் ஒரு பங்கு தானாகக் கழிந்துவிடும். வழக்கமாக ஏழில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு 0.0673 மீட்டர். சர்வே படித்தவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் எண் இது.

திருத்தத்தை எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். தூரத்தில் நிற்கும் ஸ்டாஃபில், அதாவது அளவு குறித்த கம்பத்தில், பார்வைக்கோடு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே போய்ப் படுகிறது. அதனால் ரீடிங் கூடுதலாக வரும், அந்த இடம் உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். ஆகவே வளைவுக்கு ரீடிங்கில் கழிக்க வேண்டும், ஒளிமுறிவுக்குக் கூட்ட வேண்டும். குறி மாறினால் பிழை அப்படியே நிற்காது, இரண்டு மடங்காகும். வேறு வகைத் திருத்தத்தில் இது ஊரறிய நடந்திருக்கிறது. லாஃபன்பர்க் என்ற ஊரில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ரைன் நதிக்குக் குறுக்கே பாலம் கட்டின. ஒரு நாட்டின் உயரக் கணக்கு ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்து வருகிறது, மற்றதன் கணக்கு மார்செய் கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைக் கூட்டுவதா கழிப்பதா என்பதில் தவறு நேர்ந்து, 2003-இல் இரண்டு பக்கமும் 54 சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றன.

சரி, அன்றாட வேலையில் இந்தத் திருத்தத்தை யாராவது போடுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. 50 மீட்டர் தூரத்துக்குத் திருத்தம் 0.17 மில்லிமீட்டர், 100 மீட்டருக்கு 0.67 மில்லிமீட்டர். ஸ்டாஃபில் மில்லிமீட்டரையே கண்மதிப்பாகத்தான் படிக்கிறோம். 300 மீட்டரில்தான் 6 மில்லிமீட்டர் என்று கண்ணில் படுகிற அளவுக்கு வரும். அந்தத் தூரத்தில் ஸ்டாஃபின் எண்ணே சரியாகத் தெரியாது.

ஆனால் சிறு பிழை எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தால்தான் வினை. ஒருவர் ஒவ்வொரு முறையும் பேக் சைட்டை, அதாவது பின்னால் உள்ள ஸ்டாஃபின் ரீடிங்கை, 30 மீட்டரிலும் ஃபோர் சைட்டை, அதாவது முன்னால் உள்ளதை, 90 மீட்டரிலும் எடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு செட்டிங்குக்கு, அதாவது கருவியை ஒரு முறை நிறுத்திப் பார்ப்பதற்கு, வளைவும் ஒளிமுறிவும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் பிழை. இருபது செட்டிங் போனால் 10 மில்லிமீட்டர். அதே ஆளின் கருவியில் பார்வைக்கோடு பத்து விகலை, அதாவது ஒரு பாகையில் 360-இல் ஒரு பங்கு, சாய்ந்திருந்தால் செட்டிங்குக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், இருபதுக்கு 58. பூமியைவிடக் கருவிதான் பெரிய குற்றவாளி.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. கருவியை இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் வையுங்கள். பேக் சைட்டிலும் ஃபோர் சைட்டிலும் தூரம் சமமானால் இரண்டு ரீடிங்கும் ஒரே அளவு கூடும், கழிக்கும்போது பிழை போய்விடும். பூமியின் ஆரம் என்னவென்றே தெரிய வேண்டாம். அனுபவசாலிகள் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு அடி எண்ணியே நடப்பதற்குக் காரணம் இதுதான். அந்தச் சூத்திரம், நடுவில் நிற்க வழியில்லாதபோது எடுக்கிற மாற்றுவழி மட்டுமே.

மலைப்பாதையில் நடுவில் நிற்பது கஷ்டம். ஏறும்போது கருவிக்குப் பின்னால் தரை தாழ்ந்திருக்கும், 4 மீட்டர் ஸ்டாஃபில் மேல் பகுதி வரை படிக்கலாம். முன்னால் தரை உயர்ந்துகொண்டே போகும், கருவியின் உயரமான ஒன்றரை மீட்டருக்குள் தரையே வந்து பார்வையை மறைக்கும். அதனால் பேக் சைட் நீளமாகவும் ஃபோர் சைட் குட்டையாகவும் போய்க்கொண்டே இருக்கும், பிழையும் ஒரே பக்கமாக ஏறும். இங்கே செட்டிங்கைக் கூட்டி, நீளமான பக்கத்தைக் குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பு பிடித்த வேலைதான்.

அகலமான ஆறு குறுக்கிட்டால் நடுவில் நிற்கவே முடியாது. கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடும்போது யார் முக்காலியோடு உள்ளே இறங்குவது? அங்கேதான் இரு கரையிலிருந்தும் பார்க்கும் முறை கைகொடுக்கிறது. 800 மீட்டர் அகலம் என்று வைத்து எண்களோடு பார்க்கலாம். இக்கரையில் கருவியை வைத்து, பக்கத்தில் உள்ள ஸ்டாஃபில் 1.450, அக்கரை ஸ்டாஃபில் 2.310 படிக்கிறோம். அக்கரை 0.860 மீட்டர் தாழ்வு என்கிறது கருவி. பிறகு கருவியை அக்கரைக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பக்கத்து ஸ்டாஃபில் 1.605, எதிரே இக்கரை ஸ்டாஃபில் 0.865. இப்போது வித்தியாசம் 0.740 என்கிறது அதே கருவி. இரண்டும் பொய். சராசரியான 0.800 தான் உண்மை. முதல் முறை 6 சென்டிமீட்டர் கூடியது, இரண்டாம் முறை 6 சென்டிமீட்டர் குறைந்தது. அந்த ஆறில் 4.3 சென்டிமீட்டர் பூமியும் காற்றும் செய்தது, மீதி கருவியின் சாய்வு. எதற்கும் தனியாகத் திருத்தம் போடாமலே மூன்றும் கழிந்துவிட்டன.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பார்வைக்கும் இடையே காற்று மாறியிருக்கக் கூடாது. காலையில் இக்கரையில் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, பரிசல் பிடித்து மத்தியானம் அக்கரை போனால், ஒளிமுறிவு சரியாகக் கழியாது. முடிந்தால் இரண்டு கருவிகளை இரு கரையிலும் வைத்து ஒரே நேரத்தில் பார்ப்பதும், பிறகு கருவிகளை இடம் மாற்றி இன்னொரு முறை பார்ப்பதும் அதனால்தான்.

ஏனென்றால் பூமியின் வளைவு நாணயமானது. நேற்றும் இன்றும் அதே அளவு. காற்றை அப்படி நம்ப முடியாது. ஜெர்மனியின் ஹானோவர் பகுதி சர்வேயிலிருந்து கணித மேதை காஸ் கண்டெடுத்த 0.13 என்ற எண்ணை இன்றும் புழங்குகிறோம். பூமியின் வளைவில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு ஒளியும் வளைகிறது என்று பொருள். ஏழில் ஒன்று என்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது தரையிலிருந்து நன்றாக உயர்ந்து போகும் பார்வைக்கான சராசரி. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு ஓரடி மேலே பாருங்கள். அடியில் இருக்கும் காற்றுதான் சூடாகி மெலிந்திருக்கிறது, ஒளி மேல்நோக்கி வளைகிறது, எண் மைனஸாகிவிடுகிறது. ரோட்டில் தண்ணீர் தேங்கியது போலத் தெரியும் கானல்நீர் இதன் முற்றிய வடிவம். குளிர்ந்த நீர்ப்பரப்புக்கு மேலே நேர்மாறாக, ஒளி பூமியோடு ஒட்டியே வளைந்து போகவும் கூடும்.

அதை வைத்து ஒருவர் பூமி தட்டை என்றே வாதாடினார். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு லெவல் என்ற சமவெளிப் பகுதியில் 6 மைல் நீளத்துக்கு நேராக ஓடும் ஒரு கால்வாய் உண்டு. 1838-இல் சாமுவேல் ரோபாதம் அதில் இறங்கி, தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே தொலைநோக்கியைப் பிடித்து, தூரத்தில் போகும் படகின் கொடியைப் பார்த்தார். கணக்குப்படி மறைந்திருக்க வேண்டிய கொடி கடைசிவரை தெரிந்தது. 1870-இல் ஜான் ஹாம்ப்டன் என்பவர் 500 பவுண்டு பந்தயம் கட்டியபோது, அதை ஏற்றுக்கொண்டவர் ஆல்பிரட் ரஸல் வாலஸ். இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த அதே வாலஸ்தான், அதற்கு முன் நில அளவை வேலையும் பார்த்தவர். அவர் பார்வைக்கோட்டைத் தண்ணீருக்கு 13 அடிக்கு மேல் உயர்த்தினார், நடுவிலும் அதே உயரத்தில் ஒரு கம்பத்தை நட்டார். நடுக்கம்பத்தின் தலை உயர்ந்து நின்றது. வாலஸ் பந்தயத்தில் ஜெயித்தாலும், ஹாம்ப்டன் பல ஆண்டுகள் அவரை விடாமல் தொல்லைப்படுத்தினார் என்பது வேறு கதை. எங்கள் தொழிலுக்கான பாடம் அந்த 13 அடியில் இருக்கிறது. லெவல் வேலையில் பார்வைக்கோடு தரைக்கு அரை மீட்டராவது மேலே இருக்கட்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நேரம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. லெவல் எடுக்கிறவர்கள் உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலும் சாயங்காலத்திலும் வேலை செய்வார்கள். பழைய முக்கோண அளவையில் தூரத்து மலை உச்சிகளின் செங்குத்துக் கோணத்தைப் பார்த்தவர்களோ நண்பகலிலிருந்து மூன்று மணிக்குள் பார்த்தார்கள். முரண் போலத் தோன்றும், ஆனால் இரண்டும் சரி. தரையை ஒட்டிய குட்டைப் பார்வையை உச்சி வெயில் நடுங்க வைக்கும். உயரத்தில் போகும் நீண்ட பார்வைக்கோ அந்த நேரத்தில்தான் ஒளிமுறிவு மிகக் குறைவு, நாளுக்கு நாள் அதிகம் மாறாமலும் இருக்கும்.

இப்போது கோணத்தையும் தூரத்தையும் ஒன்றாகவே அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் காலம். திருத்தத்தைக் கருவியே போட்டுவிடும் என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஒரு வேலையில் நானும் மாட்டிக்கொண்டேன். 800 மீட்டர் தள்ளி இருந்த ஒரே பாயிண்டுக்கு இரண்டு குழுக்கள் கொடுத்த ஆர்.எல்., அதாவது கணக்கிட்ட உயரம், 4 சென்டிமீட்டர் இடித்தது. பிரிசம் கம்பத்தின் உயரத்தைத் தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று அரைநாள் சண்டை. கடைசியில் பார்த்தால் ஒரு கருவியில் வளைவுத் திருத்தம் ஆஃப் ஆகிக் கிடந்தது. 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கி 0.0673-ஆல் பெருக்கினால் 43 மில்லிமீட்டர், அச்சாக அதே எண். அன்றிலிருந்து புதுக் கருவி கைக்கு வந்தால் முதலில் அந்த செட்டிங்கைத்தான் திறந்து பார்ப்பேன். ஆஃபா, ஒளிமுறிவு எண் 0.14-ஆ, 0.20-ஆ? கருவியில் ஒரு முறையும் ஆபீஸ் மென்பொருளில் இன்னொரு முறையும் திருத்தம் போட்டு வைக்கிறவர்களும் உண்டு.

பூமியின் வளைவோடு உடம்பால் போராடிய காலம் ஒன்று இருந்தது, அது தொடங்கியது நம் ஊரில். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளப்பதற்காக, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, அளக்க ஆரம்பித்தார். மலைப் பகுதியில் உச்சிக்கு உச்சி பார்த்து முக்கோணம் போடுவதில் சிரமமில்லை. காவிரிச் சமவெளியில் குன்றும் இல்லை, போதாததற்குத் தென்னையும் பனையும் மறைத்தன. அதனால் கோயில் கோபுரங்களின் மேலே ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் பார்க்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் செப்பனிட்டார். பிறகு கங்கைச் சமவெளியில் கோபுரமும் இல்லாததால், லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் செங்கல் கோபுரங்களையே கட்டவைத்தார். 15 மீட்டர் உயரத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை தரை தெரியும். எதிரேயும் அதே உயரக் கோபுரம் நின்றால் 30 கிலோமீட்டருக்குப் பார்வை கிடைக்கும்.

அந்த அளவை முறை சந்தித்த பெரிய சோதனை எவரெஸ்ட் சிகரம்தான். நேபாளத்துக்குள் போக அனுமதி இல்லை. 1849-50 குளிர்காலத்தில் பீகார் சமவெளியின் ஆறு இடங்களிலிருந்து ஜேம்ஸ் நிக்கல்சன் கோணம் பார்த்தார். சிகரம் இருந்தது ஏறத்தாழ 174 முதல் 191 கிலோமீட்டர் தூரத்தில். நம் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பூமியின் வளைவு மட்டும் 2,380 மீட்டர் முதல் 2,860 மீட்டர் வரை! கிட்டத்தட்ட முப்பது சதவீத மலை தரைக்கோட்டுக்குக் கீழே மறைந்து கிடந்தது. காற்று அதில் 350, 400 மீட்டரைத் திருப்பிக் கொடுத்தது. காற்றுக்கான எண்ணில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் மலை 35, 40 மீட்டர் வளரும் அல்லது குறையும்.

ஆற்றில் செய்தது போல எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்க்கலாம் என்றால், எதிர்ப்பக்கம் எவரெஸ்ட் உச்சி. அன்று யாரும் ஏற முடியாத இடம். ஆகவே ஆறு இடங்களின் விடைகளை ஒப்பிட்டுச் சராசரி எடுத்தார்கள். ராதாநாத் சிக்தர் முக்கியப் பங்கு வகித்த அந்தக் கணக்கில், ஆறு விடைகளும் 28,990 அடிக்கும் 29,026 அடிக்கும் இடையில் விழுந்தன. சராசரி 29,002 அடி. 1856-இல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா அதை வெளியிட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னி பர்ராட் ஒளிமுறிவுக்கு வேறு எண்களைப் போட்டுக் கணக்கிட்டபோது 29,141 அடி வந்தது. அளந்த மலை ஒன்றுதான், காற்றுக்குக் கொடுத்த எண்தான் வேறு. 2020-இல் நேபாளமும் சீனாவும் அறிவித்த 8,848.86 மீட்டரை அடியாக்கினால் ஏறத்தாழ 29,032. கையால் போட்ட பழைய கணக்கு 30 அடிதான் தள்ளியிருந்தது. இத்தனை தூரத்திலிருந்து பார்த்து இவ்வளவு நெருங்கியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இதுவரை பூமியைப் பந்து என்று வைத்துப் பேசினோம். உண்மையில் அது நிலநடுக்கோட்டில் புடைத்து, துருவங்களில் தட்டையானது. ஆரம் அங்கே 6,378, இங்கே 6,357 கிலோமீட்டர். ஈர்ப்பு விசையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், மேலே உள்ள மட்டப்பரப்பும் கீழே உள்ளதும் இணையாக ஓடுவதில்லை. நிலநடுக்கோட்டில் கடலுக்கு 1,000 மீட்டர் மேலே இருக்கும் மட்டப்பரப்பு துருவத்துக்குப் போகும்போது 995 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். நாடு தழுவிய லெவல் வேலைக்கு இதற்கும் திருத்தம் வேண்டும். தெரு வேலைக்கு வேண்டாம்.

ஆனால் ஜி.பி.எஸ். வந்தபிறகு தெரு வேலைக்கும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அது தருகிற நேரடி உயரம் கடல்மட்டத்திலிருந்து வருவதில்லை. கணிதப்படி வழவழப்பாக வரைந்த ஒரு நீள்கோளத்திலிருந்து அளந்தது. நம் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கடல்மட்டமே அந்த நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே பள்ளமாக இருக்கிறது. பூமியிலேயே பெரிய பள்ளம் அதுதான், தமிழ்நாடு அதன் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ரோவரை, அதாவது ஜி.பி.எஸ். கருவியை, நட்டு, கடல்மட்ட உயரத்துக்கு மாற்றித் தரும் எந்த மாதிரியும் ஏற்றாமல் உயரத்தைப் படித்தால் மைனஸ் எண்பதுகளில் ஏதோ ஒரு எண் வரும். கால் நனையாமல் நின்றுகொண்டிருப்பீர்கள், கருவி கடலுக்கடியில் இருப்பதாகச் சொல்லும்.

எல்லா இடத்திலும் ஒரே எண்பத்தைந்தைக் கூட்டிவிட்டால் போதாதா என்று சைட்டில் கேட்பார்கள். போதாது. பள்ளம் தெற்கே போகப் போக ஆழமாகிறது, வித்தியாசமும் மாறிக்கொண்டே போகிறது. நீளமான வாய்க்காலின் இரண்டு முனையும் ஜி.பி.எஸ். கணக்கில் ஒரே உயரம் என்று வந்தாலும், தண்ணீர் ஒரு பக்கமாக ஓடக்கூடும். அதனால்தான் ஜி.பி.எஸ். வேலையிலும் உயரம் ஏற்கெனவே தெரிந்த, அருகிலுள்ள பெஞ்ச் மார்க்குகளைத் தேடிப் போய், இரண்டு மூன்றின் மேல் ரோவரை நிறுத்தி வித்தியாசம் எடுக்கிறோம். அந்த பெஞ்ச் மார்க் கற்களின் எண்கள் 1858-இலிருந்து 1909 வரை நாடு முழுக்க நடந்த லெவல் வேலையிலிருந்து வந்தவை. சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தை பூஜ்யம் என்று வைத்து, செட்டிங் செட்டிங்காக, நடுவில் நின்று நின்று கொண்டுவந்தவை.